வல்லத்துக் கல்

கீழ்வேளூரில் கல் கிடையாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கேடிலியப்பர் கோயிலைச் சுட்டிக்காட்டி, "இத்தனை கல்லை வைத்துக்கொண்டு கல் இல்லை என்கிறீரே!" என்பார்கள். அதெல்லாம் வந்த கல். விளைந்த கல் அல்ல. எங்கள் வயலில் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் வண்டல், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே மணல். தெருநாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் தேட வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் மேற்கேயிருந்து வண்டியேறி வந்தவை. மலை வேண்டுமென்று ஆசைப்பட்டபோதும் இந்தச் சீமைக்காரர்கள் அதைக் கட்டித்தான் பார்த்தார்கள். கோச்செங்கட் சோழன் எழுப்பியதாகச் சொல்லும் மாடக்கோயில்களில் எங்கள் ஊர்க் கோயிலும் ஒன்று. படியேறிப் போய்ச் சுவாமியைப் பார்க்க வேண்டும். கட்டுமலை என்று அதற்குப் பெயர். இயற்கை கொடுக்காததை மனிதன் கட்டிக்கொண்டான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இப்படிக் கல்லுக்கு ஏங்கிய பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், ஒரே ஒரு மூலையில் மட்டும் கல் கிடைத்தது. அதுவும் சாமானியக் கல் அல்ல. கண்ணில் மாட்டிக்கொண்டு உலகத்தைப் பார்க்கிற கல்.

அந்த மூலைக்கு வல்லம் என்று பெயர். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே ஏழு மைல் போனால், நெல்லும் வாழையும் பின்தங்கிப் பூமி மெல்ல மேலே எழும்புகிறது. மண்ணின் நிறம் கறுப்பிலிருந்து செம்புக்கு மாறுகிறது. மலை என்று சொன்னால் மலைநாட்டார் சிரிப்பார்கள். ஆனால் காவேரிப் பாய்ச்சலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது மேட்டுச் சீமைதான். அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1771-ல் கம்பெனிப் படை தஞ்சாவூரை முற்றுகை போடப் புறப்பட்டபோது முதலில் வல்லத்தைத்தான் பிடித்தது. பிற்பாடு வெள்ளைக்காரக் கலெக்டர்களுக்கும் அந்த மேடு பிடித்துப் போயிற்று. ஈரமும் கொசுவும் இல்லாத காற்றை நாடி அங்கேயே ஜாகை வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் செம்மண்ணில்தான் பளிங்குக் கற்கள் கிடைத்தன. பளிங்கு என்றவுடன் தரையில் போடும் வெள்ளைக் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது ஸ்படிகம். ஜபமாலையில் கோக்கிறார்களே, அந்த ஜாதி. மேலே பார்த்தால் அழுக்குப் பிடித்த கூழாங்கல். தேய்த்துத் தோலை எடுத்துவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்தாற்போல நிற்கும். மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போனபின் இம்மாதிரிக் கற்கள் தலைகாட்டும். ஆயிரம் கூழாங்கற்களுக்கு நடுவில் எது பளிங்கு, எது வெறும் கல் என்று கண்டுபிடிப்பதற்கு நல்ல கண் வேண்டும். பிறர் கண்ணுக்கு ஒளி கொடுக்கும் கல்லைத் தேடுவதற்குத் தன் கண் கூர்மையாக இருக்க வேண்டியிருந்தது!

பொறுக்கிய கல் தஞ்சாவூருக்குப் போயிற்று. அங்கே பட்டை போடுகிறவர்கள் அதை மூக்குக்கண்ணாடிக்கு வில்லையாக அறுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான சர்க்கார் கெஜட்டியர்களில் வல்லத்துக் கல்லைப் பற்றி இரண்டொரு வரிகள் உண்டு. தஞ்சாவூர் என்றால் வீணை, தலையாட்டிப் பொம்மை, தட்டு, ஓவியம் என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். மூக்குக்கண்ணாடி நம்முடைய பட்டியலில் ஏறவே இல்லை.

கல்லை வில்லையாக்குவது எளிதல்ல. பளிங்கு கண்ணாடியைக் காட்டிலும் கடினமானது. கண்ணாடியின்மேல் கீறினால் கோடு விழும். அப்பேர்ப்பட்ட கல்லை அதைவிடக் கடினமான ஒன்றால்தான் தேய்க்க முடியும். அதற்கு நம் நாட்டில் குருந்தக் கல் இருந்தது. அதைப் பொடியாக்கி, அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வார்கள். கயிறு சுற்றிய வில்லை இழுத்து இழுத்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். குருந்தம் என்ற அந்தச் சொல்லைத்தான் ஐரோப்பியர்கள் 'கொரண்டம்' என்று எடுத்துப் போய்த் தங்கள் ரசாயனப் புத்தகங்களில் எழுதிக்கொண்டார்கள். மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் பிள்ளைகள்தான். தாய் சாணையில் உழைக்கிறாள். பிள்ளைகள் மோதிரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. பளிங்குக்கு ஒரு விசித்திர குணம்: ஒளியை இரண்டாகப் பிரித்துவிடும். கல்லுக்குள் ஓர் அச்சு இருக்கிறது. அந்த அச்சின் வழியே பார்க்கும்போது மட்டும் இந்தப் பிளவு நேராது. ஆகையால் அச்சுக்குக் குறுக்காக அறுத்தால்தான் அப்பழுக்கில்லாத வில்லை கிடைக்கும். ஏனோதானோவென்று அறுத்தால் பார்வையின் தெளிவு கெடும். மேல்நாட்டுக் கடைகளில் இதைச் சோதிக்க ஒரு கருவியே வைத்திருந்தார்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்கிப்போவதை வெள்ளெழுத்து என்கிறோம். எவ்வளவு அழகான வார்த்தை! கறுப்பு மையில் எழுதியது வெளுத்துப் போய்விட்டதாம். இதற்கே சாளேஸ்வரம் என்று மற்றொரு பெயரும் வழங்குகிறது. மராத்தியில் சாளீஸ் என்றால் நாற்பது. தஞ்சாவூரை மராத்தியர்கள் ஆண்டதற்கு ஜனங்களின் கண்ணிலேகூட ஒரு சாட்சி இருக்கிறதென்று எனக்குத் தோன்றுவதுண்டு. நானும் நாற்பதைத் தாண்டிவிட்டேன். பஞ்சாங்கத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அச்சு வரவர மோசமாகிவிட்டது" என்று அச்சுக்கூடத்தைத் திட்டுகிற பருவம். இந்தப் பருவத்தில்தான் மூக்குக்கண்ணாடியின் சரித்திரத்தில் ஒருவனுக்கு உண்மையான சிரத்தை பிறக்கிறது.

மூக்குக்கண்ணாடி பிறந்தது இத்தாலியில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1306-ல் அங்கே ஒரு பாதிரியார் தம் பிரசங்கத்தில், இந்த வித்தை கண்டுபிடித்து இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று வியந்து பேசியிருக்கிறார். ஆரம்ப காலத்தில் அந்த வில்லைகளைப் பளிங்கிலும் பெரில் என்ற கல்லிலும் செய்தார்கள். அதனால்தான் ஜெர்மன் பாஷையில் இன்றைக்கும் மூக்குக்கண்ணாடிக்கு 'பிரில்லே' என்று பெயர். பெரில் தேய்ந்து பிரில்லே ஆயிற்று.

இந்தப் பெரில் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் நம் வாசலுக்கே வந்து சேரலாம். லத்தீன்காரர்கள் அதைக் கிரேக்கர்களிடம் வாங்கினார்கள். கிரேக்கர்கள் நம் நாட்டுப் பிராகிருதத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாலியில் வேளூரியம், சமஸ்கிருதத்தில் வைடூரியம். இன்று வைடூரியம் என்றால் பூனைக்கண் கல்லைச் சொல்கிறோம். பழைய நாளில் கடல் தண்ணீர் நிறமுள்ள பெரிலுக்கும் அந்தப் பெயர்தான். அந்தச் சொல்லின் வேர் திராவிடம் என்றும், தெற்கே வேளூர் என்று இருந்த ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்றும் மொழி ஆராய்ச்சிக்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வேளூருக்கு அதில் பாத்தியதை கிடையாது. கல்லே இல்லாத ஊர் கல்லின் பெயரில் பங்கு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

கல் இருந்தது கொங்கு நாட்டில். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர் என்று ஓர் ஊர். அங்கே 1819, 1820-ஆம் வருஷங்களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் தோண்டி 2,196 பெரில் கற்களை எடுத்தார். அவருக்கு 1,800 வருஷம் முந்தியே ரோமாபுரிக்காரர்கள் அந்தக் கல்லுக்காகப் பொற்காசைக் கொட்டியிருக்கிறார்கள். கொங்குநாட்டு மண்ணில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாக அகப்பட்டிருக்கின்றன. அதே கொங்கு நாட்டில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்று பேர் சொல்லி, அதன் அணிகலன்களைப் புகழ்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 வாக்கில் அங்கே அகழ ஆரம்பித்தபோது, புலவர் சொன்னது கற்பனையல்ல என்று தெரிந்தது. பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் அங்கே கிடைத்தன. பாதி தேய்த்த கல்லும், துளை போடும்போது உடைந்த மணியும், கழித்துப்போட்ட சில்லும் குவியலாகக் கிடந்தன. முடிந்த நகை அரண்மனைக்குப் போய்விடுகிறது. முடியாததும் உடைந்ததும்தான் தொழிலாளியின் வீட்டில் தங்குகிறது. சரித்திரக்காரனுக்கு அதுவே பொக்கிஷம்.

கி.பி. 79-ல் காலமான ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியப் பெரிலை வாயாரப் புகழ்ந்துவிட்டு, கூடவே ஒரு எச்சரிக்கையும் எழுதிவைத்தார். இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்வதில், அதிலும் பெரில் செய்வதில், கெட்டிக்காரர்கள் என்றார். அதோடு விட்டாரா? இந்தியாவில் பளிங்கை உடைத்துக் கண்ணாடி செய்கிறார்கள், அதனால் அதற்கு ஈடான கண்ணாடி வேறெங்கும் இல்லை என்றும் எழுதினார். ஒரே கையைத் திருடன் கை என்கிறார். அந்தக் கைக்கே முத்தமும் கொடுக்கிறார்.

பிளினிக்கு வந்த குழப்பம் நமக்கும் உண்டு. கல் அசல், கண்ணாடி போலி என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆற்று மணல் பெரும்பாலும் பளிங்கின் துகள்தான். அதை அப்படியே உருக்குவதென்றால் 1,700 டிகிரிச் சூடு வேண்டும். சோடாச் சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே இளகிப் பாகாகிவிடும், ஆறினால் கண்ணாடி. பூமி லக்ஷக்கணக்கான வருஷம் பொறுத்திருந்து செய்ததை, மனிதன் ஓர் உலையில், ஒரு பகலில் செய்து பார்த்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதைத் தமிழ்நாட்டுக் கரையில் மிக நன்றாகச் செய்தவர்கள் அரிக்கமேட்டுக்காரர்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கிற இடம் அது. மண்ணிலே கிடந்த நிற நிறமான மணிகளை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1937 வாக்கில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அவற்றைப் பார்த்து விழித்துக்கொண்டார். 1945-ல் வீலர் துரை வந்து முறைப்படி தோண்டினார். உருக்கிய கண்ணாடிப் பாகைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூட்டில் உருட்டி முனை மழுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள் அவை. அந்த ஜாதி மணிகள் கிழக்கே ஜாவா, சயாம், கொரியா, ஜப்பான் வரைக்கும், மேற்கே ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன. ராஜாக்களின் ரத்தினம் போகாத இடத்துக்கெல்லாம் ஏழையின் கண்ணாடி மணி போய்ச் சேர்ந்தது.

கல்லையும் கண்ணாடியையும் பற்றிய இந்த வழக்கை வெனிஸ் நகரத்தில் வெகு நாணயமாகத் தீர்த்தார்கள். அங்கே பளிங்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கண்ணாடியைப் பளிங்கு என்று சொல்லி விற்கக்கூடாதென்று 1300-ல் அந்தச் சங்கம் விதி செய்தது. மறு வருஷமே இன்னொரு விதி: படிப்பதற்கான வில்லையைக் கண்ணாடியில் செய்யலாம், ஆனால் விற்கும்போது கண்ணாடி என்று சொல்லித்தான் விற்க வேண்டும். குற்றம் கண்ணாடியில் இல்லை, பொய்யில்தான் இருக்கிறதென்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது போர்த்துகீசியரின் கப்பல்கள் வரத் தொடங்கிய காலத்தில். விஜயநகரத்தில் வியாசராயர் கண்ணாடியின் உதவியால் சுவடி வாசித்ததாக, அவர் சரிதத்தை எழுதிய சோமநாத கவியின் நூலிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அது 1520-ஐ ஒட்டிய சமாசாரம். பொருள் புதிது, ஆனால் பளிங்கைத் தேர்ந்தெடுக்கவும், அறுக்கவும், தேய்க்கவும் இங்கே ஆயிரம் வருஷத்துக் கை இருந்தது. அந்தக் கைக்குப் பக்கத்திலேயே வல்லத்து மேடும் இருந்தது. வாங்குவதற்கும் தஞ்சாவூரில் ஆள் குறைவில்லை. சுவடியைப் பகல் முழுதும் புரட்டுகிற வித்வான்களும், கணக்கெழுதிக் கண் பூத்த ராயசக்காரர்களும், நகைக்குக் கல் பதிக்கிற ஆசாரிகளும் நிறைந்த ராஜதானி அல்லவா? 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மகாராஜா கண் வைத்தியத்திலேயே தனிச் சிரத்தை கொண்டிருந்தார். நோயாளிகளின் கண்களை வர்ணச் சித்திரமாக எழுதி, நோயையும் சிகிச்சையையும் கூடவே குறித்துவைத்த ஏடுகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட தொழில் ஏன் அற்றுப்போயிற்று? அந்நியன் அழித்தான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்துவிடலாம். வாசகர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் அது முழு உண்மை ஆகாது. மேல்நாட்டுச் சூளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில், குமிழும் கோடும் இல்லாத கண்ணாடியை மணங்கு மணங்காக வார்க்கக் கற்றுக்கொண்டன. கல்லில் ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. வார்த்த கண்ணாடியில் நூறு வில்லையும் ஒரே அச்சு. இன்ன வயதுக்கு இன்ன வளைவு என்று கணக்குப் போட்டு, இலக்கமிட்டுக் கொடுத்துவிடலாம். விலையோ கல்லில் கால்வாசிகூட வேண்டாம். கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் அது ஜில்லென்றுதான் இருக்கும். கை சூட்டைப் பளிங்கு விரைவாக வாங்கிக்கொள்கிறது என்பதே காரணம். கன்னத்துக்கு அந்தக் குளிர்ச்சி உண்டு. கண்ணுக்குள் அது போவதில்லை. சீக்கிரம் கீறல் விழாது என்பதே கல்லுக்கு மெய்யாகவே இருந்த பெருமை.

ஆகவே, கல் தோற்றது நியாயமான தோல்வி. வல்லத்தில் எத்தனை கல் கிடைத்துவிடும்? பண்ணையாரும், தாசில்தாரும், மடாதிபதியும் போட்டுக்கொள்ளப் போதும். கீழ்வேளூரில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் பேரனைக் கூப்பிடுகிற கிழவிக்கு அது எட்டியிராது. அவளுக்குப் பார்வை கொடுத்தது சந்தையில் வாங்கிய மலிவுக் கண்ணாடிதான். அரிக்கமேட்டு மணி செய்ததையே இதுவும் செய்தது. ரத்தினம் போகாத வீட்டுக்கு அது போயிற்று. இதற்காக அழுகிறவன், கிழவி பேரனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்கிறவன்.

எனக்கு வருத்தமாக இருப்பது வேறொன்று. கொடுமணலில் மணிகளோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றில் பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருந்தது. ஆதன், சுமணன், விசாகி என்று இப்படிப் பல பெயர்கள். சோறு தின்ற பானையில் தன் பெயரைக் கீறிவைக்கிற அளவுக்கு அந்தக் கைத்தொழில் கிராமத்து ஜனங்களுக்கு எழுத்துத் தெரிந்திருந்தது. 2,000 வருஷத்துக்குப் பிறகும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. தஞ்சாவூரில், நேற்று என்று சொல்லத்தக்க காலத்தில், கல்லை அறுத்து வில்லை செய்தவர்களுக்கோ கெஜட்டியரில் ஒரு பெயர் இல்லை. கல் எங்கே கிடைத்தது, என்ன ஆயிற்று என்று இரண்டு வரி. யார் செய்தார்கள் என்பதற்கு அரை வரிகூட இல்லை. வித்வான் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதிய உரை நூலில் வித்வானின் பெயர் இருக்கிறது, அவருக்குப் பொருள் கொடுத்த பிரபுவின் பெயர் இருக்கிறது. எழுத்தைக் கண்ணுக்குக் காட்டிய கை எழுத்திலே ஏறவில்லை.

மணிமேகலையில் ஒரு பளிக்கறை வருகிறது. பூம்புகாரில், உவவனத்தின் நடுவே நிற்கிற பளிங்கு மண்டபம். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். குரல் மட்டும் வெளியே வராது. மணிமேகலை அதற்குள் போய்த்தான் உதயகுமாரனிடமிருந்து ஒளிந்துகொண்டாள். நம்முடைய கைவினைக்காரர்கள் அந்த மண்டபத்துக்குள் நிற்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்கள் வேலை நமக்கு நன்றாகத் தெரிகிறது. கோயிலாக, நகையாக, வில்லையாகக் கண்ணெதிரே நிற்கிறது. குரல் மட்டும் கேட்பதில்லை.

வல்லத்து மேட்டில் இன்று கல்லூரிகளும் பெரிய சாலையும் வந்துவிட்டன. கண்ணுக்கென்று கல் பொறுக்குகிறவர் இல்லை. இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது கல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக். கீழே விழுந்தால் உடையாது. ஆறு மாதத்தில் கீறல் விழுந்துவிடும். ஆனாலும் கடையில் போய் "கண்ணாடி கொடு" என்றுதான் கேட்கிறோம். கல் போய், கண்ணாடியும் போய், பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. பொருளின் பெயருக்கு இவ்வளவு ஆயுள் கொடுத்த ஜனங்கள், அதைச் செய்தவனின் பெயருக்குப் பானை ஓட்டளவு இடம் கொடுத்திருக்கலாம்.